பன்னிரண்டு வீட்டு இருமல்

2020, மார்ச் 30, திங்கள்

ஊரடங்கின் ஆறாம் நாள். பால் வந்தது. நாளிதழ் வரவில்லை. ரசம் வைத்தேன், உப்பு கூடிவிட்டது.

காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. கேட்கத் தகுந்த கேள்விதானா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இருந்தால் நோய் பரவாது என்கிறார்கள். ஆளுக்கொரு அறை உள்ள நாடுகளில் அது சரியாக இருக்கலாம். எங்கள் லைன் வீட்டில் என்ன ஆகும்?

பதிவேட்டின் முதல் பக்கத்தில் இடமும் பதிவு செய்பவர் பெயரும் இருக்க வேண்டும். இது பழைய பழக்கம்.

இடம்: திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பன்னிரண்டு வீடுகள் என்று பெயர். உண்மையில் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். நடுச்சுவர் ஒற்றைச் செங்கல். இரண்டாம் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். என் வாசலுக்கு நேரே எல்லோருக்குமாக ஒரு குழாய். பின்கோடியில், பன்னிரண்டாம் வீட்டைத் தாண்டி, மூன்று கழிப்பறைகள். ஆட்கள் முப்பத்தொரு பேர். என்னைத் தவிர எல்லாம் பனியன் கம்பெனி, நூல் குடோன், பஞ்சுக் கிடங்கு வேலைக்காரக் குடும்பங்கள்.

பதிவு செய்பவர்: சென்னியப்பன், வயது 72, வீட்டு எண் 1. புள்ளியியல் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ஓர் அறை போதும் என்று இங்கே வந்தவர்.

காய்ச்சல் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. காது இருக்கிறது. ஆகவே இருமலை எண்ணலாம்.

விதி 1. தினமும் காலை 6.30 முதல் 7.30 வரை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும்.
விதி 2. விடாமல் இருமினால் ஒன்று. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இருமினால் இரண்டு.
விதி 3. எண்ணுபவருடைய இருமல் சேராது.

இன்று: 38.

மார்ச் 31, செவ்வாய்

41.

அதிகம் என்று தோன்றுகிறது. ஆனால் ஊரடங்குக்கு முந்தைய எண் என்னிடம் இல்லை. ஒப்பிட ஒன்றும் இல்லாமல் எண்ணத் தொடங்கியிருக்கிறேன். முப்பத்து மூன்று ஆண்டு உத்தியோகம் பார்த்தவன் செய்கிற வேலையா இது?

ஏப்ரல் 3, வெள்ளி

நேற்று இரண்டு பேர் வந்து குழாயடியிலிருந்து ஆறடிக்கு ஒன்றாக எட்டு வெள்ளை வட்டங்கள் வரைந்துவிட்டுப் போனார்கள். ஆள் ஒவ்வொருவரும் ஒரு வட்டத்துக்குள் நிற்க வேண்டும். இன்று காலை பார்த்தேன். எட்டு வட்டத்திலும் எட்டுக் குடங்கள் ஒழுங்காக நின்றன. குடங்களின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் புங்கமர நிழலில் ஒட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வட்டத்துல நிக்கோணும்னு சொன்னாங்களே," என்றேன், தயங்கித் தயங்கி.

இரண்டாம் வீட்டு லோகாம்பாள் திரும்பிப் பார்த்தார். குழாயடியில் யாருக்கு எத்தனை குடம் என்று முடிவு செய்பவர் அவர்தான். ஐம்பது வயது இருக்கும். தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"குடம் நிக்குதுங்களே சார். சீக்கு குடத்துக்கு வந்தாத்தான் எங்களுக்கு வரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். 36.

ஏப்ரல் 6, திங்கள்

ஒரு சின்னக் கணக்கு. ஊரடங்குக்கு முன் பகல் பத்து மணிக்கு இந்த லைனில் இருந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். இப்போது பகல் பத்து மணிக்கு இருப்பவர்கள் முப்பத்தொரு பேர். ஊர் முழுக்க இடைவெளி விட்டிருக்கிறது. எங்கள் லைனில் நெருக்கம் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கழிப்பறை வரிசை எப்போதும் இருக்கிறது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. யாரிடம் என்று தெரியவில்லை.

34. இதில் பன்னிரண்டு, ஐந்தாம் வீட்டு ரங்கசாமி ஒருவருடையது.

ஏப்ரல் 8, புதன்

கோதைநாயகி என்ற பெண் வந்தார். சுகாதாரத் துறைக்காக வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கிறார். வெயிலில் நடந்து முகக்கவசம் முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, என்னங்க இது, வீட்டு நெம்பர் வாரியா எழுதிருக்கீங்க! எங்க ஆளுங்களே இப்படி எழுத மாட்டாங்க," என்றார். என் வேலையைப் பார்த்து இப்படி ஒருவர் சொல்லிப் பதினான்கு ஆண்டு ஆகிறது. இரண்டு பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

35.

ஏப்ரல் 9, வியாழன்

காலை பதினொரு மணிக்கு நான்கு பேர் வந்து ஐந்தாம் வீட்டு வாசலில் குறுக்கே தகரம் வைத்து அடித்தார்கள். ரங்கசாமியும் அவர் மனைவியும் உள்ளே. பதினான்கு நாள். ரங்கசாமி பஞ்சுக் கிடங்கில் இருபது வருடமாக இருப்பவர். அவர் இருமுவது ஊருக்கே தெரியும்.

எப்படித் தெரிந்து வந்தார்களோ, தெரியவில்லை.

எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 10, வெள்ளி

14. ஒரே நாளில் பாதிக்கும் கீழே. குறிப்பிடத்தக்க சரிவு.

ஏப்ரல் 14, செவ்வாய்

6.

காரணங்கள் என்னவாக இருக்கலாம் என்று யோசித்தேன். ஒன்று, ஊரடங்கு வேலை செய்கிறது. புதிய சளி வெளியிலிருந்து வரவில்லை. இரண்டு, பனியன் கம்பெனிகள் மூடியிருப்பதால் பஞ்சுத் தூசி இல்லை. அதனால் வருகிற இருமல் நின்றிருக்கிறது. மூன்றாவது காரணம் எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட என்னிடம் வழி இல்லை. ஆனால் எண் குறைவது மகிழ்ச்சியாக இருக்கிறது. மகிழ்ச்சி தரும் எண்ணைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்று பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஏப்ரல் 23, வியாழன்

தகரத்தைப் பிரித்தார்கள். ரங்கசாமிக்கு ஒன்றும் இல்லையாம். சோதனை முடிவு வந்துவிட்டது. குழாயடியில் என்னைத் தாண்டிப் போனார். "நல்லா இருக்கீங்களா?" என்றேன். பேசவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

4.

மே 18, திங்கள்

கம்பெனிகள் திறந்துவிட்டன. லைனில் பாதிப்பேர் வேலைக்குப் போகிறார்கள். மாலையில் தலைமுடியெல்லாம் பஞ்சோடு திரும்புகிறார்கள். ஆகவே, என் இரண்டாவது காரணம் சரி என்றால் இருமல் கூட வேண்டும்.

கூடவில்லை. 3.

நிரம்ப விசித்திரமாக இருக்கிறது. தூசியும் காரணமில்லை, ஊரடங்கும் பாதி போய்விட்டது. அப்படியானால் எது இருமலைக் குறைத்து வைத்திருக்கிறது? இன்று முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 4, வியாழன்

அக்கம்பக்கத்தார் நெம்ப அன்பாக இருக்கிறார்கள். லோகாம்பாள் கொள்ளுப் பருப்புக் கொண்டுவந்தார்.

"சார், இங்க வெயிலு மொகத்துல அடிக்குதுங்களே. நாற்காலிய அக்கட்ட, ரோட்டுப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்குங். காத்தும் வரும்."

அவரே தூக்கிப் போட்டுக் கொடுத்தார். இப்போது லைனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். காற்று நன்றாக வருகிறது. காது கேட்பதற்கு முகம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

காலையில் எல்லா வீட்டிலும் மிக்சி ஓடுகிறது. முன்பு ஏழு மணிக்கு மேல்தான் ஓடும். வேலைக்குச் சீக்கிரம் கிளம்புகிறார்கள் போலிருக்கிறது. 1.

ஜூன் 22, திங்கள்

இன்று முதல் முறையாக 0.

மாவட்டத்தில் தொற்று ஏறுவதாக நாளிதழில் போட்டிருக்கிறார்கள். எங்கள் லைனில் பூஜ்யம்.

ஜூன் 30, செவ்வாய்

ஒன்பது நாளாக 0. தொடர்ந்து.

சரியில்லை. காய்ச்சல் காலத்தை விடுங்கள். நல்ல நாளிலேயே முப்பத்தொரு பேர் ஒரு மணி நேரம் தண்ணீர் பிடித்தால் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவார். நிலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விளையாது. அறுவடைப் பரிசோதனைப் படிவத்தில் எல்லா வயலுக்கும் ஒரே எண் வந்தால், யாரோ வயலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்குத் தொண்டையில் கரகரப்பு. தூசி. விதி 3.

ஜூலை 1, புதன்

1987இல் நடந்த ஒன்றை எழுத வேண்டும். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

சோள அறுவடைப் பரிசோதனை. ஊரில் எந்த வயலை அறுத்து எடை போடுவது என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது; எண்கள் அடுக்கிய ஓர் அட்டவணை இருக்கும்; கண்ணை மூடிக்கொண்டு அதில் விரல் வைத்து, வருகிற எண்ணுள்ள வயலுக்குப் போக வேண்டும். எனக்கு வந்த வயல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மழை. பயிருக்கு உதவாமல் அறுவடை நேரத்தில் வந்த மழை. வாய்க்காலைத் தாண்டப் பயமாக இருந்தது. சாலையோரத்து வயலை அறுத்து எடை போட்டு, அந்த எண்ணைப் படிவத்தில் நிரப்பிவிட்டேன். சாலையோர வயல் செழிப்பாக இருந்தது. மழை விட்டபின் பேருந்தில் போகும்போது பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கருகிக் கிடந்தது. அந்த ஊருக்கு அந்த ஆண்டு நிவாரணம் வரவில்லை. என் எண்ணால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

இப்போதும் நான் சாலையோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். குழாயடிக்கு வரக்கூடியவர்களின் இருமலை மட்டும் எண்ணுகிறேன். எழுந்து வர முடியாதவர் குழாயடிக்கு வர மாட்டார்.

டிரங்குப் பெட்டியில் அந்தப் பழைய அட்டவணை இருந்தது. கண்ணை மூடி விரல் வைத்தேன். வீடு: 9. நேரம்: பிற்பகல் 3.40.

ஒன்பதாம் வீட்டில் குப்புராஜும் அவர் மனைவி மைனாவதியும். குப்புராஜ் நூல் குடோனில் மூட்டை தூக்குபவர். மைனாவதி கம்பெனியில் செக்கிங், தைத்த பனியனில் குறை பார்க்கும் வேலை. அவரைக் குழாயடியில் பார்த்துச் சில நாட்கள் ஆகின்றன. எத்தனை நாள் என்று நான் குறிக்கவில்லை.

ஜூலை 3, வெள்ளி

போகவில்லை. மழை.

ஜூலை 6, திங்கள்

போகவில்லை. மழை இல்லை. எதைச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. தொண்டை அப்படியே இருக்கிறது.

ஜூலை 7, செவ்வாய்

லோகாம்பாளின் கொள்ளுப் பருப்புக் கிண்ணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒன்பதாம் வீட்டுக் கிண்ணம் என்று நினைத்துவிட்டதாகச் சொல்லலாம். நாளை.

ஜூலை 9, வியாழன், காலை

நேற்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

3.35க்குக் கிண்ணத்துடன் கிளம்பினேன். இரண்டு, மூன்று, நான்கு என்று வாசல்களைத் தாண்டிப் போகப் போக எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆறாம் வீட்டில் யாரோ ஒரு தட்டைத் தரையில் போட்டார்கள். நான் எட்டாம் வாசலைத் தொடும்போது ஒன்பதாம் வீட்டில் மிக்சி ஓடத் தொடங்கியது.

தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன் நான். சட்னி அரைபடும் சத்தம் வேறு, ஜாரில் ஒன்றும் இல்லாமல் சுற்றும் சத்தம் வேறு. அது வெறும் ஜார். அதற்கு அடியில் இன்னொரு சத்தம், நிறுத்த முடியாமல்.

கதவைத் தட்டவில்லை. தள்ளினேன். என் வாழ்க்கையில் அப்படிச் செய்ததில்லை.

மிக்சிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றவர் லோகாம்பாள். பாயில் மைனாவதி. சுவரில் சாய்த்து உட்கார்த்தியிருந்தார்கள். வாயில் துண்டை அழுத்திக்கொண்டு இருமினார். துண்டை எடுத்தபோது உதடு நாவற்பழம் தின்றது போலிருந்தது.

லோகாம்பாள் மிக்சியை அணைத்தார்.

"எழுதிக்குங் சார். ஒம்போதாம் நெம்பர். நோட்டு எங்கீங்? கொண்டாரலயா?"

"எத்தனை நாளா இப்படி?"

"பன்னெண்டு நாளாச்சுங். மூச்சு முட்டறது நேத்துலயிருந்துங்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலயா?"

"கூட்டிட்டுப் போனா? லைன் பூரா தகரம் அடிப்பாங்க. தகரம் அடிச்ச லைன்ல இருந்து ஒருத்தரும் வரக்கூடாதுன்னு எங்க கம்பெனில போர்டே வெச்சிருக்காங்க. ரங்கசாமியண்ணன் வெளிய வந்து ரெண்டரை மாசமாச்சு, அந்தக் கிடங்குல இன்னமும் சேத்துக்கலைங். தெரியுமுங்களா உங்களுக்கு?"

தெரியாது. கேட்டதில்லை.

"அவரு இருமுனது எப்படிங் அவங்களுக்குத் தெரிஞ்சுது? சொல்லுங் சார். நீங்க படிச்சவரு."

நான் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதோ அந்த மூன்றாவது காரணம். ஏப்ரல் பத்தாம் தேதி இருமலைப் பாதியாக்கியது ஊரடங்கு இல்லை, தூசி குறைந்ததும் இல்லை. குழாயடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்த ஆள். கோதைநாயகியிடம் நோட்டைக் காட்டியதை எட்டாம் தேதிப் பக்கத்தில் எழுதிவிட்டு, ஒன்பதாம் தேதி 'தெரியவில்லை' என்று எழுதினேன். எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதமாக இந்த லைன் முழுவதும் எனக்காக இருமலை விழுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பூஜ்யம் என்று பதிவு செய்துகொண்டிருந்தேன்.

"அம்மா மைனா, ஆம்புலன்சைக் கூப்பிடறேன்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பேச மூச்சு போதவில்லை. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "வேண்டாம்… சாருங். என்ற… வூட்டால… லைனே… பட்டினி… கெடக்கும்."

லோகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நானும் சொல்லிப் பாத்துட்டனுங். கேக்க மாட்டேங்குறா. அவ வூட்டுக்காரரு வேலைக்குப் போகாட்டிச் சந்தேகம் வரும்னு அவரையும் தொரத்தி வுட்டுட்டா."

வெளியே வந்தேன். நான்காம் வீட்டு வாசலில் சற்று நின்றேன். அப்போது எனக்கே இருமல் வந்தது. பத்து நாளாகத் தூசி என்று எழுதிவந்த அதே இருமல். யாரும் மிக்சி போடவில்லை.

அங்கேயே நின்று 108ஐக் கூப்பிட்டேன். எல்லோரும் கேட்கும்படி, எனக்கு எட்டிய அளவு உரக்கச் சொன்னேன். பெயர் சென்னியப்பன். வயது எழுபத்திரண்டு. பத்து நாளாக இருமல். மூச்சு விட முடியவில்லை. வீட்டு எண் ஒன்று.

மூச்சு விட முடியவில்லை என்பது பொய். 1987இல் கொடுத்தது முதலாவது. இது நான் கொடுத்த இரண்டாவது பொய்த் தகவல்.

பிறகு திரும்பிப் போய் ஒன்பதாம் வாசலில் நின்றேன். "மைனா, ஆம்புலன்ஸ் எனக்கு வருது. இனி லைனை அடைச்சாங்கன்னா ஒண்ணாம் வீட்டாலதான். எனக்கு ஓய்வூதியம் வருது, என்னை எந்தக் கம்பெனியும் நிறுத்த முடியாது. ஏசுறவங்க என்னை ஏசட்டும். வண்டியில ரெண்டு பேர் போகலாம்."

அவர் என்னையே பார்த்தார். லோகாம்பாள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எந்திரிடி," என்றார்.

வண்டி 4.25க்கு வந்தது. உறை அணிந்த ஒருவர் என் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டினார்.

"ஐயா, உங்களுக்குத் தொண்ணூத்தாறு. நல்லாத்தான இருக்கீங்க? யாருக்கு மூச்சு முட்டுது?"

"ஒன்பதாம் எண்," என்றேன்.

அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். எழுபத்தொன்பது. மைனாவதியைத் தூக்கிக்கொண்டு வரும்போது லைனில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். வண்டியில் எனக்கு இடம் தேவைப்படவில்லை.

ஜூலை 10, வெள்ளி

கோதைநாயகியிடம் ஒரு மனு கொடுத்தேன். ஒரே பக்கம். இரண்டு முறை கிழித்து மூன்றாம் முறை எழுதியது. இந்த லைனில் எல்லோரும் ஒரே குழாயிலும் மூன்று கழிப்பறைகளிலும் ஒவ்வொரு நாளும் சந்திக்கிறார்கள். ஒரு வீட்டை மட்டும் தகரம் வைத்து அடைப்பதால் ஒன்றும் நிற்காது. இருமலை மறைப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சோதனை செய்யுங்கள். அடைப்பதானால் லைன் முகப்பில் ஒரு கயிறு கட்டுங்கள். வாசல்களில் வேண்டாம். என் நோட்டின் எண்கள் தவறானவை; அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

அவர் படித்தார். "ஏப்ரல்ல நான் படம் எடுத்துட்டுப் போனதுனால வந்த வெனைங்களா ஐயா இது?" என்றார்.

"நான் காட்டினதுனால," என்றேன்.

மாலையில் சோதனைக்கு வந்தார்கள். மேசை குழாயடியில். வட்டங்களில் இந்த முறை ஆட்களே நின்றார்கள். முதல் வட்டத்தில் நான். மூக்குக்குள் குச்சி போவது இனிமையான அனுபவம் இல்லை.

ஜூலை 12, ஞாயிறு

முழு ஊரடங்கு. முடிவுகள் வந்தன.

மைனாவதியை நீக்கி முப்பது பேர். தொற்று உள்ளவர்கள் பதினொருவர். அதில் நால்வருக்கு ஒரு முறைகூட இருமல் வந்ததில்லையாம். அந்த நால்வரில் லோகாம்பாள் ஒருவர். நாள் முழுவதும் எல்லோரையும் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தவர்! ஆகவே, யாரும் விழுங்காமல் இருமியிருந்தாலும், நான் சரியாகவே எண்ணியிருந்தாலும், இந்த நான்கு பேர் என் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள். தவறான கருவியை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அளந்திருக்கிறேன். இதை நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது, சுவாரசியமாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று சொல்ல முடியவில்லை.

என் முடிவு: தொற்று இல்லை. வெறும் இருமல்.

பதினொருவரையும் சிகிச்சை மையத்துக்குப் பேருந்தில் ஏற்றினார்கள். லோகாம்பாள் படியில் நின்றுகொண்டு கத்தினார். "உங்களுக்கு இல்லைங்களாமா சார்? தன் வாசலுக்குத் தகரம் வாங்கப் போனவருக்குத் தகரமும் இல்ல, சீக்கும் இல்ல!"

லைன் முகப்பில் கயிறு கட்டியிருக்கிறார்கள். பதினான்கு நாள். வாசல்களில் எதுவும் இல்லை.

மைனாவதி ஆக்சிஜனில் இருக்கிறார். வேறு தகவல் இல்லை.

ஜூலை 14, செவ்வாய்

தகவல் இல்லை. குப்புராஜும் சிகிச்சை மையத்தில். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நோட்டைத் தொடவில்லை.

ஜூலை 16, வியாழன்

லோகாம்பாள் கைப்பேசியில் அழைத்தார்.

"சார், இங்க ஒரே ஹாலுங். நாப்பது கட்டிலு. பொழுது போகாம நானும் இருமலை எண்ணலாம்னு உக்காந்தனுங். பத்து நிமிசத்துல தலை சுத்திப் போச்சு. நீங்க எப்படித்தான் எண்ணுனீங்களோ!"

"நான் தப்பாத்தான் எண்ணினேன், லோகம்மா."

"அட, அது எங்களுக்குத் தெரியாதுங்களா? நாங்கதான எண்ண வுடல." சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "மைனாவ வெறும் ஆக்சிஜன் மட்டும் வெச்சுருக்காங்களாமா. தொண்டைக்குள்ள கொழாய் வுடலையாமா. அது நல்லதுன்னு நர்சம்மா சொல்றாங்க. நல்லதுங்களா சார்?"

நல்லது என்றேன். எனக்குத் தெரிந்தவரை.

ஜூலை 19, ஞாயிறு

கயிற்றுக்குள் எட்டாம் நாள். அரிசி, பருப்பு வந்தது. மாலையில் ரங்கசாமி தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் என் வாசலில். நடுவில் மூன்று வீடு. ஏப்ரலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். சத்தமாகக் கேட்க வேண்டியிருந்ததால் லைன் முழுக்கக் கேட்டிருக்கும்.

ரங்கசாமி நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டார். பிறகு இருமினார். நெஞ்சு குலுங்க, நீளமாக, ஒளிக்காமல்.

"இது பஞ்சு இருமல்ங் சார். எழுதறதா இருந்தா தனியாக் கோடு போட்டு எழுதுங்."

ஏப்ரலிலேயே போட்டிருக்க வேண்டிய கோடு. போட்டேன்.

ஜூலை 27, திங்கள்

சனிக்கிழமை கயிற்றை அவிழ்த்தார்கள். இன்று ரங்கசாமியுடன் பஞ்சுக் கிடங்குக்குப் போனேன். அவருடைய இரண்டு சோதனை முடிவுகளையும் ஓர் உறையில் போட்டு, மேலே ஒரு கடிதமும் வைத்து எடுத்துக்கொண்டேன். வாசலில் கால் மணி நேரம் நின்றோம். முதல் பத்து நிமிடம் உள்ளே கூப்பிடாமலிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி கடிதத்தைப் படித்தார். முதல் தேதியிலிருந்து வரச் சொன்னார். சொன்னதை மட்டும் எழுதுகிறேன். நடந்த பிறகு நடந்ததை எழுதுவேன்.

லோகாம்பாளின் கம்பெனியில் போர்டு இன்னும் இருக்கிறதாம். ஆனால் மேற்பார்வையாளர் வீட்டிலேயே மூன்று பேருக்கு வந்துவிட்டதால் யாரும் அதைப் பார்ப்பதில்லையாம்.

ஜூலை 28, செவ்வாய்

காலை 6.30. நாற்காலியை லைன் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். நோட்டை மடியில் வைக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே லோகாம்பாள் குரல் வந்தது.

"எங்கீங் சார் நோட்டு? ஆறாம் நெம்பர், காலைலருந்து ரெண்டு! எட்டாம் நெம்பர், மூணு, ஒண்ணு தும்மல்!"

"தும்மல் சேராது," என்றேன்.

"ஐயோ, அதென்ன பாவம் பண்ணுச்சுங்?"

அவரவர் வாசலிலிருந்து அவரவரே சொன்னார்கள். நான்காம் வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டு, சொன்னது போதாது என்று இருமியும் காட்டினார். எண்ணும் முறை என்று பார்த்தால் இது முன்பைவிட மோசம். எதையும் நிறுவாது.

7.10க்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. குப்புராஜ் இறங்கி, கையை நீட்டி, மைனாவதியை இறக்கினார். பாதியாக இளைத்திருந்தார். குழாயடிவரை நடந்துவந்து, முதல் வட்டத்துக்குள் நின்று, குழாயைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு இருமினார். ஒரு முறை. சின்னதாக. வாயில் துண்டு இல்லை.

"எழுதிட்டீங்களா சாருங்?"

எழுதினேன். பிறகு எனக்கும் இருமல் வந்தது. விதி 3ஐ ஒரு கோடு போட்டு அடித்தேன்.

பஞ்சு இருமல்: 13.
மற்றவை: 28. இதில் வீட்டு எண் 9: ஒன்று. வீட்டு எண் 1: ஒன்று.
மொத்தம்: 41.

மார்ச் 31இல் வந்த அதே எண். அன்று அதை அதிகம் என்று நினைத்தேன்.